மழைக்கு மணம் உண்டோ?

வேனில் முதிர்ந்து நிலம் வெடித்துக் கிடக்குங் காலத்தில் முதன்மழை வீழ்ந்தவுடன் ஒரு நறுமணம் எழுதல் யாவரும் அறிந்தது. அதனைச் சிலர் மழைமணம் என்பர். சிலர் மண்மணம் என்பர். உலக வழக்கில் இரண்டும் இயங்குதலின் இரண்டும் ஒன்றே என விட்டுவிடுதல் ஆராய்வார்க்கு அமையாது. ஒரு குணம் எப்பொருளுக்கு உரியது என்று துணிதலே பொருளாராய்ச்சியின் முதற்படியாகும். ஆகலின், மழைக்கு மணம் உண்டோ, இல்லையாயின் அம்மணம் எதற்கு உரியது, அஃது எக்காரணத்தால் வெளிப்படுகின்றது என்னும் இம்மூன்றையும், முன்னோரும் பின்னோரும் இவற்றை ஆராய்ந்து வந்த வரலாற்றோடு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவ்வகை வினா நம்மவர்க்குப் புதியதன்று. மகளிர் கூந்தலின் மணம் இயற்கையோ, மலர் முதலியவற்றின் சேர்க்கையான் வந்த செயற்கையோ என்று பாண்டியன் ஐயுற்றதும், அதன்பொருட்டுத் தருமிக்குப் பொற்கிழி அளிக்கப்பட்டதும், சங்கமண்டபத்தில் வாதம் எழுந்ததும் திருவிளையாடற் புராணங் கற்றார் அனைவரும் அறிவர். இறையனார் அருளிய அச்செய்யுள் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக விளங்குகின்றது. அவ்வழக்கின் முடிபு ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளன்று. வினாவின் அமைப்பே நாம் கொள்ளத்தக்கது. மணம் தோன்றும் இடம் வேறு, மணத்துக்கு உரிய பொருள் வேறாதல் கூடும் என்பதும், அவ்விரண்டனையும் பிரித்தறிதல் எளிதன்று என்பதும் அவ்வினாவாற் பெறப்படும். கூந்தலைக் குறித்து எழுந்த அவ்வினாவையே மழையைக் குறித்தும் எழுப்புதல் தகும்.

நூலோர் துணிபு

வைசேடிக சூத்திரஞ் செய்த கணாதர் நாற்றத்தைப் பிருதிவிக்கே உரியதாக வைத்தனர். அவர் காட்டிய நெறி மிக எளியது. பூவை முடிந்து வைத்த ஆடையில் மணம் கமழ்கின்றது. அதுபற்றி மணம் ஆடையின் குணம் என்பார் இலர். பூ நீங்கச் சிறிது பொழுதில் மணமும் நீங்குதலின், அது பூவினின்று வந்து சேர்ந்தது என்றே துணிகின்றோம். வெந்நீரில் உள்ள வெம்மை நீரின் குணமாகாது தீயின் குணமேயாதலும் இவ்வாறே. இந்நெறிப்படி நீரில் மணம் தோன்றுமிடத்தெல்லாம் அந்நீரோடு கலந்த பிருதிவிக் கூற்றின் மணமே தோன்றுகின்றது என்பது தருக்க நூலார் அனைவர்க்கும் ஒத்த முடிபு.

பதினேழாம் நூற்றாண்டினராகிய அன்னம்பட்டர் செய்த தருக்கசங்கிரகம் நாற்றம் உடைமையையே பிருதிவியின் இலக்கணமாகக் கூறும். இந்நூலைத் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகள் தமிழில் மொழிபெயர்த்துத் தந்தமையால், வடமொழிப் பயிற்சியில்லாத மாணாக்கரும் இம்முடிபினைப் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டே தமிழிற் கற்க இடம் உண்டாயிற்று.

ஈண்டு ஒரு தடை நிகழும். கல்லும் பிருதிவியன்றோ, அது நாறக் காணோமே எனின், சித்தாந்த முத்தாவலி விடை கூறும். கல்லிலும் மணம் உண்டு. அஃது அடங்கிக் கிடத்தலிற் புலப்படவில்லை. கல்லைச் சுட்டு நீறாக்கியவழி மணம் புலப்படுதலின், முன்பு அது அடங்கிக் கிடந்தமை துணியப்படும் என்பது அவ்விடை. பிருதிவியின் நிறம், சுவை, நாற்றம், ஊறு என்பன தீயின் கூட்டத்தால் மாறும் என்பதும் அவர் கொள்கை. பச்சைக் குடம் சூளையில் வெந்து சிவத்தல் இதற்கு எடுத்துக்காட்டு. அடங்கிக் கிடத்தல், தீக்கூட்டத்தால் வேறுபடுதல் என்னும் இவ்விரண்டும் பின்னர் வேண்டப்படுதலின் நினைவிற் கொள்க.

சைவசித்தாந்திகள் பொருள்களை வகுக்கும் முறை தருக்க நூலார் முறையின் வேறு. கந்த தன்மாத்திரையினின்று பிருதிவி தோன்றும் என்றும், ஆகாயம் முதலாகக் கீழிறங்குந்தோறும் ஒவ்வொரு குணம் ஏறி வர, அப்புவுக்கு ஓசை, ஊறு, ஒளி, சுவை என நான்கும், பிருதிவிக்கு நாற்றத்தோடு ஐந்தும் உளவாம் என்றும் அவர் கூறுவர். குணத்துக்கும் குணிக்கும் உள்ள தொடர்பினைத் தருக்க நூலார் சமவாயம் என, சித்தாந்திகள் அதனை மறுத்துத் தாதான்மியம் என்பர். இவ்வேறுபாடுகள் பெரியனவேயாயினும், அப்புவுக்கு நாற்றம் இல்லை என்பதில் இருதிறத்தாரும் ஒத்தனர். எனவே, மழைநீருக்கு மணம் உண்டோ என்னும் முதல் வினாவுக்கு இல்லை என்பதே நூலோர் விடையாதல் தெளிக.

புலவர் கண்டது

நூலோர் கருத்தளவையாற் கண்டதனைப் புலவர் காட்சியாற் கண்டு வைத்தனர். காளிதாசர் இரகுவமிசத்தின் மூன்றாஞ் சருக்கத்தில், கருவுற்ற சுதக்கிணை மண்ணை உண்டமையால் அவள் வாய் மண்மணம் கமழ்ந்தது என்றும், திலீபன் அதனை மோந்து மோந்து அமையானாயினான் என்றும் கூறி, அதற்கு ஓர் உவமை அமைத்தனர். வேனில் கழியும் நாளில், மேகம் சிந்திய துளிகளால் நனைந்த காட்டுச் சுனையை யானை மோந்து ஆராமை கொள்ளுதல்போலும் என்பது அவ்வுவமை.

இதனுட் கருதத்தக்கன மூன்று. காலம் வேனிலின் முடிவு. மழை பெருமழையன்று, துளிகளே. மணம் மண்ணின்மேல் வைத்துக் கூறப்பட்டதன்றி மழையின்மேல் வைத்துக் கூறப்படவில்லை. இம்மணம் நெடுவறட்சியின் பின்னர் மிகும் என்பதும், சிறுதூறலில் நன்கு எழும் என்பதும், மண்ணைச் சார்ந்தது என்பதும் இக்காலத்தார் கருவிகளாற் கண்டனவாகப் பின்னே காட்டப்படும். அம்மூன்றும் ஆயிரத்தைந்நூறு ஆண்டளவின் முன்னரே ஒரு புலவர் வாக்கில் ஓர் உவமையாக அமைந்து கிடத்தல் வியக்கத்தக்கது. ஆயினும், கண்டது வேறு, காரணம் துணிந்தது வேறு. காளிதாசர் கண்டார், காரணம் கூற அவர் புகுந்திலர்.

கன்னோசி வினைஞர்

கண்டதனைக் கைக்கொள்ள முயன்றவர் கன்னோசி நகரத்து மணத்தைலம் வடிப்போர் ஆவர். வடநூல்கள் கானியகுப்சம் எனக் கூறும் அந்நகரம் உத்தரப் பிரதேசத்தில் கங்கைக்கு அணித்தாக உள்ளது; ஏழாம் நூற்றாண்டில் அரிஷவர்த்தனருக்குத் தலைநகராய் விளங்கியது. ரோசா, மல்லிகை முதலிய மலர்களினின்று அத்தர் வடித்தலில் அவ்வூரார் பேர்பெற்றவர். அவர் மலரினின்றும் வேரினின்றும் மட்டுமன்றி மண்ணினின்றும் அத்தர் வடிக்கின்றனர். மிட்டி அத்தர் என்பது அதன் பெயர். மிட்டி என்பது இந்தி மொழியில் மண்.

அதனைச் செய்யும் முறை வருமாறு: களிமண்ணை வில்லைகளாகவோ சிறு கலங்களாகவோ செய்து உலர்த்திச் சூளையிற் சுடுவர். சுட்டவற்றைத் தேக் என்னும் பெரிய செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டு, மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து அடியில் எரியூட்டுவர். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, நீர்த்தொட்டியில் அமர்ந்த பப்கா என்னும் நீண்ட கழுத்துடைய கலத்தில் குளிர்ந்து படியும். அக்கலத்தில் முன்னரே சந்தனத் தைலம் வைக்கப்பட்டிருக்கும். ஆவி சுமந்து வந்த மணத்தைச் சந்தனத் தைலம் பற்றிக்கொள்ள, நீர் வேறாகப் பிரிந்து நிற்கும். நீரை இறுத்துவிட்டு மீண்டும் மீண்டும் வடித்தலால் மணம் தைலத்திற் செறியும்.

இத்தொழிலின் பொருளைச் சிறிது சிந்திக்க. மழை மண்ணின்மேல் விழுந்து மணத்தை எழுப்புதலை இவர் கொப்பரையுள் நிகழ்த்துகின்றனர். முடிவில் எஞ்சுவது நீரன்று, நீர் இறுக்கப்படுகின்றது. மணம் நீரினது ஆயின் நீரை இறுத்தபோது அதுவும் போதல் வேண்டும். போகாது தைலத்தில் நிற்றலின், நீர் மணத்தைச் சுமந்து வந்த ஊர்தியேயன்றி மணத்துக்கு உரியது அன்று என்பது கைத்தொழிலாலே நிறுவப்பட்டதாயிற்று. நூல் கல்லாத வினைஞர் கையிற் கணாதர் நெறி இவ்வாறு வழங்குதல் காண்க.

மேனாட்டார் ஆராய்ச்சி

மேனாட்டில் இதனை இரசாயன முறையால் ஆராயத் தொடங்கியவருள் பிரான்சு தேயத்துப் பெர்த்தெலோ, ஆந்திரே என்னும் இருவர் குறிக்கத்தக்கவர். 1891 ஆம் ஆண்டில் அவர் மண்ணை நீரோடு காய்ச்சி வடித்து, மண்ணின் மணம் நீராவியோடு கூடி வெளிவருதலையும், அது கற்பூர இனத்தை ஒருபுடை ஒத்த ஒரு பொருளால் ஆவது என்பதையும், அப்பொருள் மண்ணில் மிக நுண்ணிய அளவினதே என்பதையும் எடுத்துரைத்தனர். அப்பொருள் இன்னது எனத் துணிதற்கு அக்காலத்துக் கருவிகள் போதவில்லை.

பின்னர் 1964 ஆம் ஆண்டில் ஆத்திரேலியா தேயத்து அரசினர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த இசபெல் ஜாய் பேர் என்னும் அம்மையாரும் ரிச்சர்டு கிரென்பெல் தாமஸ் என்பவரும் நேச்சர் என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வறண்ட பாறைகளையும் களிமண்ணையும் நீராவியால் வடித்து மஞ்சள் நிறமான ஒரு தைலத்தை அவர் பெற்றனர். மழை மணத்துக்கு இத்தைலமே காரணம் எனக் கண்டு, அதற்குப் பெட்ரிக்கார் எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் கல்லை உணர்த்துஞ் சொல்லும், தேவர் நாடிகளில் ஓடுவதாக அந்நாட்டுப் புராணங்கள் கூறும் நீரை உணர்த்துஞ் சொல்லும் கூடி வந்த பெயர் அது. இவ்வாராய்ச்சியாளர் கன்னோசி நாட்டு மண் அத்தரையும் தம் கட்டுரையில் எடுத்துக் கூறினர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது.

அத்தைலம் கல்லோடு உடன்பிறந்தது அன்று. செடிகொடிகளினின்று வெளிப்பட்டுக் காற்றிற் பரவும் தைலக் கூறுகளைக் கல்லும் களியும் வறண்ட காலத்தில் தம் நுண்டுளைகளில் ஏற்றுச் சேமிக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்தவுடன் அந்நுண்டுளைகளை ஈரம் நிறைத்தலின், உள்ளிருந்த தைலம் பெயர்ந்து வெளிப்படுகின்றது. மழை வீழுமுன்னரே மணம் வருதற்கு இது ஒரு காரணம். மழை பெய்த பக்கத்தினின்று காற்று மணத்தைச் சுமந்து வருதல் மற்றொரு காரணம். அடுத்த ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையில், இத்தைலம் வித்து முளைத்தலைத் தாமதிக்கச் செய்யும் என்றுங் கூறினர்.

அதே 1965 ஆம் ஆண்டில், அமெரிக்க தேயத்து ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் நான்சி கெர்பர் என்னும் அம்மையாரும் லெஷெவாலியே என்பவரும் மண்மணத்தின் மற்றொரு கூற்றைப் பிரித்தெடுத்தனர். மண்ணில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே அதனை ஆக்குகின்றன எனக் கண்டு, நிலத்தின் மணம் என்னும் பொருள்பட அதற்கு ஜியோஸ்மின் எனப் பெயரிட்டனர். அந்நுண்ணுயிர்களுள் தலைமையானவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனம். என்புருக்கி நோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943 ஆம் ஆண்டில் அதே சர்வகலாசாலையில் இவ்வினத்தினின்றே எடுக்கப்பட்டது. பீட்ரூட் கிழங்கில் உள்ள மண்வாசனையும் ஜியோஸ்மினால் ஆவதே. மனிதர் மூக்கு இதனை அறியுந் திறன் பெரிது. இலட்சங்கோடிப் பங்கு காற்றில் இது சில பங்கு கலந்திருப்பினும் அறியும் என்பர்.

தேக்கி வைத்த ஏரிநீரும் சிற்சில காலங்களில் மண்ணாறுகின்றதே, அது நீரின் மணம் ஆகாதோ எனின், ஆகாது. அந்நீரில் வாழும் நீலப்பாசியும் ஜியோஸ்மினை ஆக்குதலின் அம்மணம் வருகின்றது. ஆடையிற் பூமணம் போல நீரில் அது வந்து சேர்ந்தது என்க.

மணம் எழும் முறை

மணப்பொருள் மண்ணில் அடங்கிக் கிடக்கின்றது. அதனை மழை எவ்வாறு நம் மூக்கிற்குக் கொணர்கின்றது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் தெளிந்த விடை இல்லாதிருந்தது. 2015 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழிற்கல்விக் கழகத்துக் கல்லன் பூயி, யங்சூ ஜுங் என்னும் இருவர், மழைத்துளி நிலத்தில் வீழ்தலை அதிவிரைவுப் படக்கருவியால் எடுத்துக் காட்டினர். துளி நிலத்தைத் தொட்டுத் தட்டையாகப் பரவும்போது, மண்ணின் நுண்டுளைகளில் இருந்த காற்று அதன் அடியில் அகப்படுகின்றது. அகப்பட்ட காற்றுக் குமிழிகளாய்த் துளியினூடே மேலெழுந்து, அதன் மேற்புறத்தில் வெடித்து, மிக நுண்ணிய திவலைகளை வீசுகின்றது. அத்திவலைகள் மண்ணின் மணப்பொருளைச் சுமந்து காற்றிற் பரக்கின்றன. சிறுமழையிலும் நடுத்தர மழையிலும் திவலை மிகுதியாகவும், பெருமழையிற் குறைவாகவும் எழுதலை அவர் கண்டனர். காளிதாசர் துளிகள் என்று கூறியதன் நயம் இதனால் இனிது விளங்கும்.

இம்மணத்தால் ஆகும் பயன் யாது என்பதற்கும் ஒரு விடை கிடைத்துள்ளது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் வித்துப்போலும் தம் நுண்டூளை ஆக்கும் பருவத்தில் ஜியோஸ்மினையும் ஆக்குகின்றன. மண்ணினுள் வாழும் ஒருவகை ஆறுகாற் சிற்றுயிர்கள் அம்மணத்தை நாடி வந்து அவற்றை உண்ணுகின்றன; உண்ணும்போது அந்நுண்டூள் அவற்றின் உடம்பில் ஒட்டியும் வயிற்றிற் சென்று கழிவோடு வீழ்ந்தும் வேற்றிடங்களிற் பரவுகின்றது. இது 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி. அவ்வாராய்ச்சியிற் கொண்ட சிற்றுயிருக்குக் கண் இல்லை. உற்றறிதல், சுவைத்தறிதல், மோந்தறிதல் என்னும் மூன்றனை உடைய உயிர்களைத் தொல்காப்பியர் மூவறிவுயிர் என வகுத்ததும், அவற்றிற்கு மூன்றாம் அறிவாக மூக்கினறிவை வைத்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. மனிதர் இன்பம் எனக் கொள்ளும் மணம், அவ்வுயிர்க்கு உணவுக்கு வழியாகவும், அந்நுண்ணுயிர்க்கு வித்துப் பரவும் வழியாகவும் அமைந்துள்ளது.

மின்னலின் மணம்

மழைக்கு முன் இடியும் மின்னலும் கூடிய காலத்தில், மண்மணத்தின் வேறாய் மூக்கில் உறைக்கும் ஒரு மணம் தோன்றுதல் உண்டு. சுவிட்சர்லாந்து தேயத்துப் பாசெல் நகரத்து ஷேன்பைன் என்பவர் 1839 ஆம் ஆண்டில் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தபோது இம்மணத்தை உணர்ந்து, மின்னல் விழுந்த இடத்து மணமும் இதுவே எனக் கண்டார். அடுத்த ஆண்டில் அதற்கு ஓசோன் எனப் பெயரிட்டார். மணத்தலை உணர்த்தும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது அப்பெயர். மின்னல் காற்றிலுள்ள பிராணவாயுவின் அணுச்சேர்க்கையைப் பிளக்க, அவ்வணுக்கள் மும்மூன்றாகக் கூடி ஓசோன் ஆகின்றன. மேகத்தினின்று கீழிறங்குங் காற்று அதனை நிலத்தளவிற்குக் கொணர்கின்றது. ஆகவே, மழை மணம் என ஒன்றாகக் கூறப்படுவது செடிகொடிகளின் தைலம், நுண்ணுயிர்கள் ஆக்கிய ஜியோஸ்மின், மின்னலால் ஆகிய ஓசோன் என மூன்றன் கூட்டமாதல் அறிக. இம்மூன்றனுள் ஒன்றும் நீர் அன்று.

தடையும் விடையும்

இவ்வளவுங் கேட்ட அன்பருள் ஒருசாரார், நம் முன்னோர் இவை யாவும் அறிந்திருந்தனர், மேனாட்டார் இன்று கண்டது பழையதே என்பர். மற்றொருசாரார், பூதங்களும் தன்மாத்திரைகளும் பழங்கதை, நுண்ணுயிர் நூல் வந்தபின் அவற்றால் ஆவது ஒன்றில்லை என்பர். இருவர் கூற்றும் ஆராயாது கூறியன என்பதைக் காட்டுதும்.

முன்னவர் கூற்றை நோக்குக. கணாதரும் அன்னம்பட்டரும் மண்ணில் நுண்ணுயிர் மணம் ஆக்குதலைக் கூறினார் இல்லை. கூறாததனை அவர்மேல் ஏற்றிப் புகழ்தல் அவர்க்குப் புகழாகாது. நூலுக்கு இல்லாத பொருளை உரைப்பவன் மீது பழியாகவே முடியும். அன்றியும், கல்லின் மணம் அதனுள் அடங்கிக் கிடத்தல் பற்றி முத்தாவலி கூறிய விடை ஆத்திரேலியர் கண்ட முடிபோடு முற்றும் பொருந்தவில்லை. அடங்கிக் கிடந்தது பின்னர் வெளிப்படும் என்னும் அளவில் இரண்டும் ஒக்கும்; அடங்கிக் கிடந்தது கல்லின் இயல்பான குணமோ, காற்றினின்று வந்து சேர்ந்ததோ என்பதில் இரண்டும் வேறுபடும். முன்னது இயற்கை என்றது. பின்னது செயற்கை என்கின்றது. ஓசோன் இதனினும் வலிய தடையாகும். காற்றில் மணம் தோன்றின் அது காற்றோடு கலந்த பிருதிவி அணுவின் மணமே என்பது தருக்க நூல் முடிபு. பிராணவாயுவன்றி வேறு கலப்பு ஒன்றும் இல்லாத ஓசோனில் மணம் உளதாதல் கண்கூடு. இதனை மறைத்துச் செல்லுதல் உண்மை நாடுவார்க்கு அழகன்று.

இனிப் பின்னவர் கூற்றை நோக்குக. பிருதிவி என்பதனைக் காலடியில் மிதிபடும் மண் என்று மட்டுங் கொண்டமையே அவர் கூற்றின் வழு. தருக்க நூலார் பிருதிவியை உடம்பு, இந்திரியம், விடயம் என மூவகையாக வகுத்தனர். நம் உடம்பும் பிருதிவியே. மோக்கும் மூக்கின் இந்திரியமும் பிருதிவியே. பூ, சந்தனம், தைலம் என்னும் இவையும் பிருதிவியே. ஆகவே, மணம் நுண்ணுயிரின் உடம்பினின்றும் செடியின் தைலத்தினின்றும் வருகின்றது என்று நிறுவியதனால், மணம் பிருதிவிக்கு உரியது என்னும் பழங்கொள்கை அழிந்துபடாது. அவ்வுடம்பும் தைலமும் அவர் வகுப்பில் அடங்கினவேயாம். நீருக்கு மணம் இல்லை என்னுந் துணிபோ இன்றும் அசைவின்றி நிற்கின்றது. சேர்க்கையால் வந்ததனை இயல்பின் வேறாகப் பிரித்தறிக என்னும் கணாதர் நெறியே ஆத்திரேலியர் கல்லை ஆராய்ந்த நெறியும் ஆகும். முடிபுகள் காலந்தோறும் திருத்தமுறும்; ஆராயும் நெறி பழுதின்றி நிற்கும். முன்னோரிடம் நாம் பெற்ற பெருஞ்செல்வம் அந்நெறியே என்று கொள்ளுதல் அமைவுடைத்து.

சித்தாந்திகளுக்கு ஈண்டு மற்றுமொன்று கூறற்பாலது. இல்லது தோன்றாது, உள்ளதே தோன்றும் என்பது நமது சற்காரியவாதம். மழை மணத்தைப் படைப்பதன்று. வேனில் முழுதும் மண்ணிற் சேர்ந்து அடங்கிக் கிடந்ததனையே வெளிப்படுத்துகின்றது. பானையைக் காட்டும் விளக்குப் பானையை ஆக்காதவாறு போல, மழையும் மணத்துக்கு வெளிப்படுத்துங் காரணமேயன்றி முதற்காரணம் அன்று. இதனைச் சற்காரியவாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மெய்ப்பிக்கும் அளவையாகக் கொள்ளுதல் வேண்டா. உவமையை அளவையாக மயங்குதலே சமய நூலையும் பௌதிக நூலையும் ஒருங்கு கெடுக்கும். தத்துவங்களை நம் ஆசிரியர் எண்ணி வகுத்தது இரசாயனம் கற்பித்தற்கு அன்று. இது நான் அன்று, இது நான் அன்று என உயிர் தன்னைப் பிரித்தறிந்து மேற்செல்லுதற்கே என்பதனை மறவாதிருப்பின், புதிய ஆராய்ச்சி ஒன்று வருந்தோறும் அஞ்சுதலும் வேண்டா, செருக்குதலும் வேண்டா.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றான், மழைநீருக்கு இயல்பாக மணம் இல்லை என்பதும், மழை மணம் எனப்படுவது நிலத்தும் காற்றினும் உள்ள பிற பொருள்களின் மணமே என்பதும், மழை அதனை எழுப்பிப் பரப்புவதாய் நிற்கின்றது என்பதும், நூலோர் துணிபும் புலவர் காட்சியும் வினைஞர் தொழிலும் இக்கால ஆராய்ச்சியும் இவ்வளவிற்கு ஒத்துச் சென்று சிலவிடத்து வேறுபடும் என்பதும் பெறப்பட்டன.

நீர் தான் சேர்ந்த நிலத்தின் இயல்பால் வேறுபடும் என்பதனைத் திருவள்ளுவனார் சிற்றினஞ்சேராமை கூறுமிடத்து உவமையாக வைத்தார். உயிரும் அத்தன்மைத்து, தனக்கென ஒரு நிறமின்றிச் சார்ந்ததன் நிறத்தைக் காட்டும் பளிங்கே போல, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. விண்ணினின்று மணமின்றி இறங்கிய துளி தான் சேர்ந்த மண்ணின் மணத்தைச் சுமந்து எழுகின்றது. பின்னர்க் கதிரவன் ஈர்ப்ப மேலெழுங்கால் அம்மணத்தை ஈண்டே விட்டுத் தூய நீராவியாய்ச் செல்கின்றது. சேர்க்கையான் வந்தது நீங்கும்; இயல்பே நிற்கும். அடுத்த முதன்மழையில் அம்மணத்தை நுகரும் அன்பர், இஃது எதன் மணம் என்று ஒருமுறை வினாவுவாராக. அவ்வினாவைத் தம்மேலும் ஏற்றி, என்பால் உள்ளனவற்றுள் என் இயல்பு எது, சேர்க்கை எது என்று ஆராயத் தொடங்குவாராயின், மழை மணத்தை ஆராய்ந்த பயன் எய்தினார் ஆவர்.